எந்தக் கார்குழலி?

கார்குழலி தேசிய பவர்லிஃப்டிங் போட்டியில் தங்கம் வாங்கிய செய்தி ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் வந்தது. பெயர் சரி, ஊர் சரி, தூக்கிய எடையும் சரி. படம் மட்டும் வேறு யாருடையதோ. பட்டுப்புடவை, இடுப்பைத் தாண்டித் தொங்கும் பின்னல், கையில் மைக். அதற்குக் கீழே, "டெட்லிஃப்டில் 205 கிலோ தூக்கி அசத்திய கார்குழலி" என்று போட்டிருந்தார்கள்.

எம்.கே.பி. நகர் டீக்கடையில் அந்தப் பேப்பரை முதலில் விரித்தவர் அவளுடைய அப்பா நீலமேகம். மணலியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் படம் வரப்போகிறது என்று தெரிந்தவர்களையெல்லாம் கூப்பிட்டு, ஆளுக்கொரு டீ சொல்லி, உட்கார வைத்திருந்தார்.

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னா நைனா, உன் பொண்ணுக்கு ஒரே ராத்திரில இம்மாம் முடி வளந்துகீது?"

பெஞ்சே சிரித்தது. ஏனென்றால் குழலிக்கு, வீட்டிலும் தெருவிலும் அவள் குழலிதான், முடி காதுக்கு மேலேயே நின்றுவிடும். ஸ்குவாட் போடும்போது தோளில் வைக்கும் கம்பியில் பின்னல் மாட்டிக்கொள்கிறது என்று பதினாறு வயதில் வெட்டியவள், பிறகு வளர்க்கவே இல்லை. கருமேகம் போன்ற கூந்தல்காரி என்று ஆசை ஆசையாகப் பெயர் வைத்த நீலமேகம் அவள் முடி வெட்டிய அன்றைக்கு ஒரு வேளை சாப்பிடவில்லை. மறுவேளை கோழிக்குழம்பு என்பதால் சாப்பிட்டுவிட்டார்.

"யாரு நைனா இந்தப் பொம்பள?" என்று வீட்டில் குழலி பேப்பரை வாங்கிப் பார்த்தாள்.

போனில் தன் பெயரை அடித்துத் தேடினாள். இதுவரை அவள் அப்படித் தேடியதே இல்லை. வந்து விழுந்ததெல்லாம் அந்தப் பின்னல்தான். திருவொற்றியூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். பட்டிமன்றப் பேச்சாளர். டிவியில் வருகிறவர். இன்ஸ்டாகிராமில் ஊரே பின்னால் நிற்கிறது. குழலி கணக்கு வைத்திருந்தது 'குழலி லிஃப்ட்ஸ்' என்ற பெயரில். அதில் பார்க்கிறவர்கள் பாதிப் பேர் அவளுடைய ரயில்வே அணிக்காரர்கள்.

படம் மாறியது அவளுக்குப் பெரிய வருத்தமில்லை. இன்னொரு கார்குழலி இருக்கிறாள் என்பதுதான் உறுத்தியது. படித்த பள்ளியில், விளையாடிய அணியில், வேலை பார்க்கும் ஆபீசில், எங்கேயும் அந்தப் பெயர் அவளுக்கு மட்டும்தான். இனிஷியல் கேட்டவர்கூடக் கிடையாது. இப்போது யாரோ தன் சட்டையைப் போட்டுக்கொண்டு டிவியில் பேசுவதுபோல் இருந்தது.

மறுநாள் சாயங்காலம் அவள் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போது, வாசலில் ஒரு அம்மா நின்றிருந்தாள். கறுப்பு புர்கா, வேர்த்த முகம், கையில் போன்.

"கார்குழலி வூடு இதானே? எடை தூக்குற கார்குழலி?"

"நான்தாம்மா. இன்னா வோணும்?"

"இன்னா வோணுமா? பேப்பர்ல ஊரைப் பாத்துட்டு, எர்ணாவூர்லேர்ந்து ரெண்டு பஸ் மாறி, விசாரிச்சிகினு வந்துகீறேன். என் பொண்ணு ஜஸீமா முதுகைப் புடிச்சிகினு படுத்துகீறா. நிமிர முடியல. எல்லாம் உன்னாலதான்!"

"என்னாலயா? நான் உங்க பொண்ண பார்த்ததே இல்லியே."

"போன்ல சொல்லிக் குடுத்தியே, மறந்துட்டியா?" அந்த அம்மா போனை நீட்டினாள். நீட்டியவள் படத்தைப் பார்த்தாள். குழலியின் தலையைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள். "இது நீ இல்லியே."

"இல்ல."

"ஆனா உன் பேரு கார்குழலி."

"ஆமா."

"எடை தூக்குறது நீ."

"ஆமா."

"அப்ப இவ யாரு?"

"நானும் அதான் நேத்துலேர்ந்து கேட்டுகினு கீறேன்" என்றாள் குழலி.

அம்மாவின் பெயர் அஜீசுன்னிசா. வீட்டுக்காரர் காலித் டிரெய்லர் லாரி ஓட்டுகிறவர். துறைமுகத்தில் கண்டெய்னர் ஏற்றிக்கொண்டு கிளம்பினால் திரும்ப நாளாகும். நைட்டி தைத்துக்கொண்டு மகளைக் கவனித்துக்கொள்வது அஜீசுன்னிசாதான். பதினேழு வயது ஜஸீமா ஏதோ வீடியோவில் குழலி தூக்குவதைப் பார்த்தவள், அந்த நாள் முதல் வேறு பேச்சே பேசுவதில்லை. பெயரைத் தேடிப்பிடித்து, படத்தில் இருந்த பின்னலைச் சவுரி என்று நினைத்துக்கொண்டு, இன்ஸ்டாகிராமில் எழுதினாள். பதிலும் வந்தது. அந்தப் பக்கம் இருந்தது டீச்சர்.

குழலி போனை வாங்கிக் கடைசிச் செய்தியைப் படித்தாள். "அக்கா, சுமை தூக்கும்போது முதுகு வளையுது. பரவாயில்லையா?" என்று ஜஸீமா கேட்டிருந்தாள். அதற்கு வந்த பதில்: "முதுகு வளையட்டும் கண்ணே, மனம் வளையாமல் பார்த்துக்கொள்!" பக்கத்தில் ஒரு சிவப்பு இதயம்.

வளைந்த முதுகோடு தூக்காதே என்பதுதான் எந்தக் கோச்சும் முதல் நாள் சொல்லும் முதல் விஷயம்.

"எத்த தூக்குனா?"

"இரும்பு பைப்புல ரெண்டு பக்கமும் தண்ணி கேனைக் கட்டித் தூக்கினா. மனசு வளையலியாம். முதுகுதான் புட்டுக்கிச்சு."

"வாங்கம்மா" என்று குழலி மறுபடி செருப்பை மாட்டினாள். "இந்த டீச்சர் எங்க கீறாங்கன்னு பாத்துட்டு வந்துடலாம்."

எங்கே இருக்கிறார் என்பதை டீச்சரே போட்டிருந்தார். "இன்று மாலை திருவொற்றியூரில் சந்திப்போம்!" ஒரு கல்யாண மண்டபம். குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டு விழா. ஸ்கூட்டரில் அஜீசுன்னிசாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, டேங்கர் லாரிகளுக்கு நடுவில் புகுந்து புகுந்து குழலி போய்ச் சேர்ந்தபோது பட்டிமன்றம் பாதி முடிந்திருந்தது. வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தவர், "நீங்க யாரு?" என்று கேட்டார்.

"கார்குழலி."

"அம்மா மேடைக்குப் போயிட்டாங்களே" என்றார் அவர்.

இருவரும் பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். குடும்பச் சுமையை அதிகம் சுமப்பது ஆணா பெண்ணா என்பது தலைப்பு. டீச்சர் அப்போதுதான் எழுந்து மைக்கைப் பிடித்திருந்தார். நேரில் இன்னும் குள்ளம். பின்னல் இன்னும் நீளம்.

"நடுவர் அவர்களே, தீர்ப்பை நேற்றே பேப்பரில் போட்டுவிட்டார்கள். நான் இருநூற்று ஐந்து கிலோ தூக்குகிறேனாம்! தண்ணீர் கேனைக் கவிழ்க்கப் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிடுகிறவள் நான். ஆனால் யோசித்துப் பார்த்தேன். என் வீட்டுக்காரர், அவருடைய அம்மா, இரண்டு பிள்ளைகள், இத்தனை பேரையும் தராசில் ஏற்றுங்கள். இருநூற்று ஐந்து ரொம்பக் குறைச்சல்!"

மண்டபம் அதிர்ந்தது. சண்டை போட வந்த குழலிக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததற்காகத் தன்மேலேயே கோபமும் வந்தது. பக்கத்தில் திரும்பினால் நாற்காலி காலி. அஜீசுன்னிசா நடுப்பாதையில் நின்றுகொண்டிருந்தாள்.

"தூக்கத் தெரியாதுன்னு இங்க இவ்ளோ சோக்கா சொல்றியே, அத்த என் பொண்ணாண்ட இன்னாத்துக்குச் சொல்லல?"

கூட்டம் கைதட்டியது. இதுவும் பட்டிமன்றத்தில் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள். "சபாஷ்! எதிரணி சபையிலேயே ஆளை உட்கார வைத்திருக்கிறது" என்று நடுவர் வேறு மகிழ்ந்துபோனார்.

"எவன்டா எதிரணி? நான் ஜஸீமாவோட அம்மா! முதுகு வளையட்டும்னு சொன்னியே, வளஞ்சிடுச்சு. வந்து நிமித்து!"

இன்னும் பலமான கைதட்டல். டீச்சர் மட்டும் கை தட்டவில்லை. ஜஸீமா என்ற பெயரைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. மைக்கை நடுவர் கையில் கொடுத்துவிட்டு மேடையை விட்டு இறங்கி வந்தார்.

சாப்பாட்டுக் கூடத்தில், இலை போட்டு வைத்திருந்த மேசை ஒன்றின் ஓரத்தில் மூவரும் உட்கார்ந்தார்கள். டீச்சர் அந்தச் செய்தியை மறுபடி மறுபடி படித்தார்.

"எனக்குத் தினமும் பொம்பளைங்க எழுதுவாங்கம்மா. மாமியார் பிரச்சனை, புருஷன் குடி, வேலைக்குப் போகவிடலன்னு. சுமை, முதுகு வளையுதுன்னு இந்தப் பொண்ணு எழுதினதும், வீட்டுச் சுமையைத்தான் சொல்றான்னு நெனச்சேன். இவ நிஜமாவே தூக்குவான்னு எனக்குத் தோணவே இல்ல."

"இதுக்கு மேல பாருங்க, கிலோ கணக்கெல்லாம் எழுதிகீறாளே?" என்றாள் குழலி.

"மாவு மூட்டையோ அரிசி மூட்டையோன்னு..." டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். "முழுசாப் படிக்காம பதில் போட்டுட்டேன். தப்புதான்."

குழலி போனை வாங்கி மேலே தள்ளித் தள்ளிப் படித்தாள். மாதக்கணக்காக எழுதியிருக்கிறாள் அந்தப் பெண். 'அக்கா, நீங்க கம்பியைப் பிடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை கண்ணை மூடுறீங்களே, அப்ப என்ன நினைப்பீங்க?' 'அக்கா, மூணாவது முறை தூக்கும்போது உங்க கால் நடுங்கிச்சு, நான் அழுதுட்டேன்.' 'அக்கா, முக்காடு போட்டுகினு போட்டிக்கு விடுவாங்களா?' ஒவ்வொன்றுக்கும் டீச்சர் ஒரு வாழ்த்தும் ஒரு இதயமும் போட்டிருந்தார்.

தான் கண்ணை மூடுவதை ஒருத்தி கவனித்திருக்கிறாள் என்பது குழலிக்கு இப்போதுதான் தெரிந்தது. ஜெயித்தபோது அணிக்காரர்கள் முதுகில் தட்டினார்கள், ஆபீசில் கேக் வெட்டினார்கள். எப்படித் தூக்கினாய் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்ட ஒரே ஆளுடைய கேள்விகள் வேறு வாசலில் போய் விழுந்திருக்கின்றன. இலையில் வைத்திருந்த வடையை எடுத்துக் கடித்துச் சமாளித்தாள்.

"இப்பவே அந்தப் பொண்ணைப் பாக்கணும். கூட்டிட்டுப் போறீங்களா?" என்றார் டீச்சர்.

"தீர்ப்பு கேக்க வேணாமா?" என்று அஜீசுன்னிசா கேட்டாள்.

"நடுவர் பெண்கள்னுதான் சொல்லுவார். எப்பவும் அப்படித்தான்."

எர்ணாவூர் குடியிருப்பில் அவர்கள் வீடு மூன்றாவது மாடி. ஜஸீமா பாயில் குப்புறப் படுத்திருந்தாள். ஆள் வந்த சத்தம் கேட்டுக் கழுத்தை மட்டும் திருப்பினாள்.

"கார்குழலி அக்கா?"

"ம்?" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

ஜஸீமா பின்னலைப் பார்த்தாள். அது போனில் பார்த்துப் பழகிய படம். பிறகு குழலியைப் பார்த்தாள். "அக்கா, கையைக் காட்டுங்க" என்றாள்.

குழலி உள்ளங்கையை விரித்தாள். விரல்களுக்குக் கீழே வரிசையாகக் காய்ப்பு. ஜஸீமா அதைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு முதுகு வலியை மறந்து எழுந்திருக்கப் பார்த்து, "அய்யோ" என்று மறுபடி பாயில் விழுந்தாள்.

"படு, படு. கண்ணை மூடும்போது இன்னா நெனப்பேன்னு கேட்டியே. ஒண்ணும் நெனக்க மாட்டேன். மூச்சை உள்ள புடிப்பேன், அவ்ளோதான்."

"அவ்ளோதானா?" ஜஸீமாவுக்கு ஏமாற்றம். அடுத்த நொடியே அடுத்த கேள்வி வந்தது. பிறகு இன்னொன்று. டீச்சர் சுவரோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். கிளம்பும்போது ஜஸீமாவின் தலையைத் தடவி, "என்னை மன்னிச்சிடும்மா. எனக்குத் தெரியாததுக்கு நான் பதில் சொல்லியிருக்கக் கூடாது" என்றார். நீட்டி முழக்கவில்லை. அது அஜீசுன்னிசாவுக்குப் பிடித்திருந்தது. வாசல்வரை வந்து வழியனுப்பினாள். ஆனால் விஷயத்தில் இறங்கி வரவில்லை.

"இனிமே அவ ஒண்ணும் தூக்க வேணாம். ஊசி நூலு தூக்கினா போதும்."

டீச்சர் கிடைத்த சந்தர்ப்பத்தை விடவில்லை. பெண் குழந்தையின் கனவு என்றார், நாளைய சமுதாயம் என்றார். அஜீசுன்னிசா முழுதும் கேட்டாள். "நாளைக்கு இவ முதுகு புடிச்சிகினா நீ வந்து எண்ண தேச்சி வுடுவியா? இவ தூங்காத அன்னிக்கு நீ முழிச்சிகினு இருப்பியா? உன் பொண்ணைத் தூக்க வுடுவியா?" டீச்சர் ஒரே நாளில் இரண்டாவது தடவை தோற்றார்.

"டாக்டர் சொன்னா கேப்பீங்களா?" என்றாள் குழலி.

அஜீசுன்னிசா யோசித்தாள். "எலும்பு டாக்டரு சொன்னா கேக்கறேன்."

டீச்சருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "ராயபுரத்துல எனக்குத் தெரிஞ்ச ஒரு எலும்பு டாக்டர் இருக்காங்க. தெரிஞ்சன்னா, நேர்ல பாத்ததில்ல. அவங்க பேஷண்ட்டுங்க எனக்கு போன் பண்ணுவாங்க."

"உங்களுக்கு ஏன் பண்றாங்க?"

"நாளைக்கு வந்து போர்டைப் பாருங்க" என்றார்.

மறுநாள் ராயபுரத்தில் அந்த மாடிப்படி ஏறியபோது குழலி போர்டைப் பார்த்து நின்றுவிட்டாள். டாக்டர் கார்குழலி, எலும்பு மருத்துவர். ஜஸீமாவைக் கைத்தாங்கலாகப் பிடித்திருந்த அஜீசுன்னிசா, "இன்னாடா இது பேஜாரு!" என்றாள்.

டோக்கன் போட உட்கார்ந்திருந்த ஜானட் நிமிராமல் கேட்டாள். "பேஷண்ட் பேரு?"

"ஜஸீமா."

"கூட வந்தவங்க?"

"கார்குழலி."

"டாக்டர் பேரைக் கேக்கலீங்க. உங்க பேரு."

"அதாங்க, கார்குழலி."

ஜானட் பேனாவை வைத்துவிட்டு டீச்சர் பக்கம் திரும்பினாள். "மேடம், நீங்களாவது சொல்லுங்க."

டீச்சர் தன் பெயரைச் சொன்னார். ஜானட் எழுந்து உள்ளே போனாள். உள்ளேயிருந்து ஒரு பெரிய சிரிப்பு கேட்டது.

டாக்டருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கட்டையாக வெட்டிய நரைமுடி, தடித்த கண்ணாடி. டீச்சரைப் பார்த்ததுமே விரலை நீட்டினார். "நீங்கதானா அது? பட்டிமன்றத்துக்கு வாங்க, பட்டிமன்றத்துக்கு வாங்கன்னு என் உயிரை எடுக்கறாங்க. ஒருத்தர் என்கிட்ட தலைப்பே சொல்லிட்டார். கல்யாணத்துக்கு முன் சந்தோஷமா, பின்னான்னு. எனக்குக் கல்யாணமே ஆகலைய்யான்னு சொன்னேன்."

ஜஸீமாவைப் படுக்க வைத்து, காலைத் தூக்கச் சொல்லி, முதுகில் ஒவ்வொரு இடமாக அழுத்திப் பார்த்தார். எக்ஸ்ரே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "தசைப்பிடிப்புதான். எலும்பு நல்லாயிருக்கு. இளவயசு, சரியாயிடும். முதுகை வளைச்சுத் தூக்கச் சொன்ன புண்ணியவதி யாரு?"

டீச்சர் வகுப்புப் பிள்ளைபோல் கையை உயர்த்தினார். டாக்டர் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்துவிட்டு மருந்து எழுதினார்.

"இனிமே இவ தூக்கலாமா டாக்டரம்மா?" என்றாள் அஜீசுன்னிசா. வேண்டாம் என்ற பதிலை எதிர்பார்த்தே கேட்டாள்.

"வலி முழுசாப் போனப்புறம் தூக்கலாம். உடம்புக்கு நல்லதுதான். பக்கத்துல நின்னு ஒழுங்காச் சொல்லிக் கொடுக்க ஆள் வேணும்." டாக்டர் குழலியின் தோளைப் பார்த்தார். "இவங்க சொல்லிக் கொடுப்பாங்க போலிருக்கே."

எல்லோரும் குழலியைப் பார்த்தார்கள். அவள் யாருக்கும் எதுவும் சொல்லிக் கொடுத்ததில்லை. காதில் பாட்டை மாட்டிக்கொண்டு, மூலையில் தனியாகத் தூக்கிவிட்டுக் கிளம்பிவிடுகிறவள். முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். கட்டிலில் படுத்தபடி ஜஸீமா மூச்சுக்கூட விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எம்.கே.பி. நகர் ஜிம்முக்கு வரட்டும்" என்றாள் குழலி. "மொதல்ல வெறும் துடப்பக்குச்சிதான். அழக் கூடாது."

"நானும் வருவேன்" என்றாள் அஜீசுன்னிசா. "கண்ணால பாக்காம வுட மாட்டேன்."

வந்தாள். ஜிம்மின் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நைட்டிக்குக் காஜா எடுத்துக்கொண்டே பார்த்தாள். இரண்டாவது வாரம், "தண்ணி குடம் தூக்கினா எனக்கும்தான் இடுப்பு புடிக்குது. எப்படிக் குந்தணும், காட்டு" என்று எழுந்து வந்தாள். அதற்கப்புறம் நாற்காலியில் அவள் அதிகம் உட்காரவில்லை. சனிக்கிழமைகளில் டீச்சரும் வந்தார். பின்னலைக் கொண்டையாகச் சுருட்டிக்கொண்டு, வெறும் கம்பியைத் தூக்கிவிட்டு, உலகத்தையே தூக்கியதுபோல் அரை மணி நேரம் அதைப்பற்றிப் பேசுவார். குழலி தன் காதுப் பாட்டை எப்போது நிறுத்தினாள் என்று அவளுக்கே தெரியாது. சொல்லிக் கொடுக்கக் கத்த வேண்டியிருந்தது. கத்துவது நன்றாகவும் இருந்தது.

ஆறு மாதம் கழித்து மாவட்டப் போட்டி தண்டையார்பேட்டையில் நடந்தது. டாக்டர் ஆபரேஷனில் இருந்ததால் வர முடியவில்லை. "முதுகு பத்திரம்" என்று மட்டும் டீச்சருக்கு அனுப்பியிருந்தார். டீச்சர் தொண்டை கட்டிய நிலையில் வந்திருந்தார். முந்தின நாள் இரண்டு பட்டிமன்றம். நீலமேகம் முதல் வரிசையைப் பிடித்து உட்கார்ந்திருந்தார்.

ஜஸீமா முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு மேடை ஏறினாள். முதல் முறை கம்பி முழங்காலோடு நின்றுவிட்டது. திரும்பி வந்து குழலி முன்னால் நின்றாள். "அக்கா, இன்னா பண்றது?" என்றாள்.

"மூச்சு" என்றாள் குழலி. "வேற எதையும் நெனக்காத."

இரண்டாவது முறை ஜஸீமா கண்ணை மூடினாள், திறந்தாள். இடுப்பு இறங்கியது, முதுகு பலகைபோல் நின்றது. கம்பி தரையைவிட்டுக் கிளம்பி, தொடையைத் தாண்டி, மேலே போய் நின்றது. சரியாகத் தூக்கினாள் என்று நடுவர்களின் மூன்று வெள்ளை விளக்கும் எரிந்தன. அஜீசுன்னிசா போட்ட சத்தத்தில் பக்கத்து மேசை ஜூஸ் பாட்டில் உருண்டது.

மூன்றாவது முறை எடையைக் கூட்டினார்கள். அதையும் அவள் தூக்கிவிட்டாள். ஆனால் நடுவர் சொல்லும் முன்பே கம்பியைக் கீழே விட்டுவிட்டாள் என்று சிவப்பு விளக்கு எரிந்தது. மொத்தத்தில் நான்காவது இடம். பதக்கம் இல்லை. ஜஸீமா அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை; தன் உள்ளங்கையில் புதிதாகக் கிழிந்த தோலை எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தாள்.

அஜீசுன்னிசா அப்படி விடுகிற ஆள் இல்லை. நேரே நடுவர் மேசைக்குப் போய்க் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"தூக்கினாளா இல்லியா? உன் கண்ணால பாத்தியா இல்லியா? அப்புறம் இன்னாத்துக்குச் செவப்பு?"

"அம்மா, ரூல்ஸ் என்னன்னா..."

"ரூல்ஸை நீ தூக்கிப் பாரு!"

நீலமேகம் எழுந்து நின்று கைதட்டினார். டீச்சர் வராத தொண்டையில் சமாதானம் சொல்லப் பார்த்தார். குழலி ஓடிப்போய் அந்த அம்மாவின் இடுப்பைச் சேர்த்துப் பிடித்து இழுத்தாள். குந்தும்போது குதிகாலை எப்படி ஊன்றி நிற்க வேண்டும் என்று ஆறு மாதமாகச் சொல்லிக் கொடுத்தது அவள்தான். அஜீசுன்னிசா ஒரு அங்குலம்கூட நகரவில்லை.